கிஃப்டட் தேர்வு: பெற்றோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போகும் ஆண்டு ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. "உங்கள் பிள்ளைக்குத் திறனறித் தேர்வு நடத்தவிருக்கிறோம்" என்று பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் குவிந்துவிடும். எந்தப் புத்தகம் வாங்கலாம்? எந்தக் கோச்சிங்கில் சேர்க்கலாம்? எவ்வளவு ஸ்கோர் வந்தால் கிஃப்டட் கிடைக்கும்?

ஊரில் நாம் எழுதிய தேர்வுகள் நம்மை இப்படிக் கேட்கப் பழக்கியிருக்கின்றன. பிளஸ் டூ மதிப்பெண், கட்-ஆஃப், கவுன்சலிங் என்று வளர்ந்த தலைமுறைக்குத் தேர்வென்றால் சீட்டு. பள்ளிகளின் கிஃப்டட் தேர்வு வேறொன்றைத் தேடுகிறது. வகுப்பில் நடத்தும் பாடம் இந்தப் பிள்ளைக்குப் போதவில்லையா, இன்னும் ஆழமாகவோ வேகமாகவோ கொடுத்தாக வேண்டுமா என்பதே அங்கே கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்கப் பள்ளிக்குப் பெற்றோரின் சாட்சியம் வேண்டும். பயிற்சி கொடுப்பவராக மாறாமல், பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்த சாட்சியாக நின்றாலே பெற்றோரின் பங்கு நிறைவேறிவிடும். கீழே உள்ள எல்லாமே இந்த ஓர் எண்ணத்தை ஒட்டியவை.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் கிஃப்டட் கல்வியைக் கட்டாயமாக்கும் மத்திய அரசுச் சட்டம் கிடையாது. 1988-ல் வந்த ஜேவிட்ஸ் சட்டம் ஆய்வுகளுக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் நிதி தர வழி செய்ததே தவிர, யாரைச் சேர்ப்பது என்று சொல்லவில்லை. அதை மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களும்தான் தீர்மானிக்கின்றன. பல மாவட்டங்கள் நான்கைந்து விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கின்றன: கோகேட் அல்லது என்.என்.ஏ.டி. போன்ற திறனறித் தேர்வு, கணக்கிலும் வாசிப்பிலும் வைக்கும் சாதனைத் தேர்வு, ஆசிரியர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம், பிள்ளை வகுப்பில் செய்த வேலைகள், பெற்றோர் எழுதிக்கொடுக்கும் குறிப்பு. இவற்றை ஒரு குழு படித்து முடிவெடுக்கும்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் மாவட்டத்தின் விதியைப் படியுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் தங்கை சொல்வது ஜார்ஜியாவில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. ஜார்ஜியாவில் அறிவுத்திறன், படிப்புச் சாதனை, படைப்பாற்றல், ஊக்கம் என்ற நான்கு பிரிவுகள் உண்டு. மூன்றில் தகுதி பெற்றால் போதும். அறிவுத்திறனையும் படிப்புச் சாதனையையும் மட்டும் வைத்துத் தகுதி பெறுவதென்றால், அறிவுத்திறன் தேர்வில் கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை 99-ஆவது பெர்சன்டைல் வேண்டும், மூன்றாம் வகுப்பிலிருந்து 96 போதும். ஃப்ளோரிடாவில் நுண்ணறிவு ஈவு 130 என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கோடு. நியூஜெர்சி 2020-ல் கொண்டுவந்த சட்டப்படி, பிள்ளையை அதே மாவட்டத்தில் அதே வயதில் படிக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 2013-க்குப் பிறகு இதற்கென்று தனியாக மாநில நிதி ஒதுக்கீடு இல்லாததால், சில மாவட்டங்களில் திட்டமே சுருங்கிவிட்டது. ஆகவே மாவட்ட இணையதளத்தில் கிஃப்டட் பக்கத்தைத் திறந்து, எந்தத் தேர்வு, எந்த வகுப்பில், யார் முடிவெடுக்கிறார்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறப்போகிறீர்கள் என்றால், ஓர் இடத்தில் கிடைத்த தகுதி அடுத்த இடத்தில் செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

2. கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்; பரிந்துரையை நீங்களே கொடுங்கள்.

பல மாவட்டங்களில் பெற்றோரே பிள்ளையைப் பரிந்துரைக்கலாம். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் இரண்டாம் வகுப்பில் எல்லாருக்கும் கோகேட் வைக்கிறார்கள். தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடும் முதல் பட்டியலில் பெயர் வராத பிள்ளைக்கும் பெற்றோர் பரிந்துரைப் படிவம் கொடுத்தால் குழு அந்தக் கோப்பைப் படிக்கும். இது தெரியாமல் "பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்" என்று விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. படிவம் கொடுக்கும் காலம் பெரும்பாலும் குறுகியது. பள்ளி தொடங்கும் மாதத்திலேயே தேதியைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.

3. தேர்வு எப்படி இருக்கும் என்று பிள்ளைக்கு ஒருமுறை காட்டுங்கள்.

கோகேட்டில் சொல், எண், உருவம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் மூன்று வகைக் கேள்விகள். சின்ன வகுப்புகளில் பெரும்பாலும் படங்கள்தான். உருவப் பகுதியில் காகிதம் மடிக்கும் கேள்வி ஒன்று வரும். ஒரு காகிதத்தை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, மூலையில் ஓர் ஓட்டை போடுகிறார்கள். பிரித்தால் எத்தனை ஓட்டை, எந்தெந்த இடத்தில்? முதல் தடவை பார்க்கும் ஏழு வயதுப் பிள்ளை, என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் உட்கார்ந்துவிடலாம். சாப்பாட்டு மேசையில் நிஜக் காகிதத்தையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, வெட்டும் முன் "எத்தனை வரும், சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி அனுப்பும் மாதிரிக் கேள்விகளையும் ஒரு தடவை சேர்ந்து பாருங்கள். கேள்வியின் வடிவம் பழகினால் போதும். முந்தின இரவு நல்ல தூக்கம், காலையில் வயிறார இட்லி. அதற்கு மேல் தயாரிப்பு வேண்டாம்.

4. பெற்றோர் படிவத்தில் நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

பெற்றோரால் உண்மையாகவே உதவ முடிகிற இடம் இதுதான். இந்தப் படிவத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். "என் மகள் மிகவும் புத்திசாலி, கணக்கென்றால் உயிர், அபாகஸில் நிறைய நிலைகள் முடித்துவிட்டாள்" என்று எழுதினால் குழுவுக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதே பிள்ளையைப் பற்றி இப்படி எழுதிப் பாருங்கள்:

"மார்கழியில் பாட்டி வீடியோவில் கோலம் சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஏழு புள்ளி, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறையும் நேர்ப்புள்ளிக் கோலம். புள்ளி வைத்து முடித்ததும், நடு வரிசையையும் சேர்த்து மேல் பாதியில் 16, கீழே 9 இருப்பதை அவளே எண்ணிக் கண்டுபிடித்தாள். 'இது நாலு நாலு, அது மூணு மூணு' என்றாள். எப்போதும் இப்படித்தான் வருமா என்று பார்க்க, யாரும் சொல்லாமலே ஒன்பது புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தாள். மேலே 25, கீழே 16 வந்தது. மறுநாள் காலையில் பதினொன்றுக்கு என்ன வரும் என்று எண்ணாமலே சொன்னாள்."

இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனால் பிள்ளை தானாக ஒழுங்கைக் கண்டது, சந்தேகப்பட்டது, சோதித்தது, அடுத்ததைக் கணித்தது என எல்லாம் தெரிகிறது. குழு தேடுவது இந்த மாதிரிச் சான்றை. ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு இப்படிப்பட்டவற்றை எழுதி வைத்தால், படிவம் வரும் நாளில் யோசித்துத் தவிக்க வேண்டியதில்லை.

5. ஆசிரியரோடு ஆண்டு முழுவதும் பேசுங்கள்.

ஆசிரியரின் மதிப்பீட்டுக்குப் பல இடங்களில் நல்ல மதிப்பு உண்டு. பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவான ஹோப் போன்ற அளவுகோல்களில், வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஆசிரியர் குறிக்கிறார். வீட்டில் ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். நம் பிள்ளைகள் சிலர், பெரியவர் பேசும்போது குறுக்கிடக்கூடாது என்று வளர்ந்ததாலேயே கையைத் தூக்குவதில்லை. "கிஃப்டட் கிடைக்குமா?" என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள். "இப்போது நடத்தும் பாடத்தில் அவனுக்கு எது எளிதாக இருக்கிறது, எது சவாலாக இருக்கிறது?" என்று கேளுங்கள். வீட்டில் நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு ஆசிரியரும் பிள்ளையை வேறு கண்ணோடு பார்ப்பார்.

6. மதிப்பெண் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

96-ஆவது பெர்சன்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியதாகப் பொருள் இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால், ஏறக்குறைய 96 பேரை விட உங்கள் பிள்ளை நன்றாகச் செய்திருக்கிறது என்று பொருள். கோகேட்டின் வயதுசார் மதிப்பெண்ணுக்குச் சராசரி 100. 116 வந்தால் ஏறத்தாழ 84-ஆவது பெர்சன்டைல், 132 வந்தால் 98. தாளில் "9ஏ", "8பி" போல ஒரு குறியும் இருக்கும். ஏ என்றால் மூன்று பகுதியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன; பி என்றால் ஒன்று மட்டும் தனியாக உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறது; சி என்றால் ஒன்றில் பலம், இன்னொன்றில் பலவீனம்; ஈ என்றால் வித்தியாசம் மிகப் பெரிது. எண் பகுதியில் உச்சம், சொல் பகுதியில் நடுத்தரம் என்று வந்தால், கூட்டு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கணக்கில் மேல்நிலைப் பாடம் கேட்க அந்தத் தாளே போதுமான ஆதாரம். இன்னொன்று: எந்தத் தேர்விலும் சில புள்ளிகள் முன்பின் போகும். 129-க்கும் 131-க்கும் நடுவே பிள்ளையின் மூளையில் எந்த வேறுபாடும் இல்லை.

7. வீட்டில் தமிழ் பேசுவதை மறைக்காமல் எழுதுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். "தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாத பிள்ளை என்று முத்திரை குத்திவிடுவார்கள், கிஃப்டட் போய்விடும்" என்று யாரோ சொல்ல, ஆங்கிலம் மட்டும் என்று எழுதிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த அச்சத்தால் பிள்ளைக்குத்தான் நட்டம். ஆங்கிலம் கற்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் கிஃப்டட் வகுப்புக்கு வழி உண்டு. பிள்ளை இன்னொரு மொழியில் யோசிக்கிறது என்று தெரிந்தால்தான், சொல் பகுதியில் குறைந்து உருவப் பகுதியில் உயர்ந்த மதிப்பெண்ணைக் குழு சரியாகப் புரிந்துகொள்ளும். இரண்டு மொழியில் கதை சொல்வதும், பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்வதும் திறமையின் அடையாளங்களே. அவற்றையும் படிவத்தில் சேருங்கள்.

8. திறமையோடு ஒரு சிரமமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேச்சில் வியக்க வைக்கும் பிள்ளை எழுத உட்கார்ந்தால் தடுமாறுகிறதா? மணிக்கணக்கில் லெகோவில் மூழ்கும் பிள்ளை பத்து நிமிடப் பயிற்சித்தாளை முடிக்காமல் எழுந்துவிடுகிறதா? டிஸ்லெக்சியாவோ கவனக்குறைபாடோ உள்ள மீத்திறன் (கிஃப்டட்) பிள்ளைகள் நிறையப் பேர். திறமை சிரமத்தை மறைக்கும், சிரமம் திறமையை மறைக்கும். கடைசியில் சராசரி என்று தாளில் வரும். நம் வீடுகளில் இதைப் பேசவே தயங்குகிறோம். தயங்க வேண்டாம். மதிப்பீடு செய்யச் சொல்லி பள்ளியிடம் எழுத்தில் கேட்கலாம். கூடுதல் நேரம், தனி அறை போன்ற வசதிகள் பிள்ளைக்கு ஏற்கெனவே எழுத்தில் வழங்கப்பட்டிருந்தால், திறனறித் தேர்விலும் அவற்றைக் கேளுங்கள்.

9. மேல்முறையீடு செய்தால் புதிய சான்றோடு செய்யுங்கள்.

"இன்னொரு தடவை பாருங்கள்" என்று மட்டும் எழுதினால் அதே கோப்பை அதே கண் பார்க்கும். முதல் கோப்பில் இல்லாத எதையாவது வையுங்கள்: பிள்ளை தானாக எழுதிய கதை, அண்மைய வாசிப்பு மதிப்பெண், தேர்வு நாளில் காய்ச்சல் இருந்த விவரம், வேறொரு தேர்வின் முடிவு. கடிதம் மரியாதையாக, ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

10. சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

கிஃப்டட் என்ற ஒரே பெயரில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. சில பள்ளிகளில் வாரத்துக்குச் சில மணி நேரம் வெளியே அழைத்துப்போய்ப் புதிர் போடுவதோடு சரி. சிலவற்றில் நாள் முழுவதும் தனி வகுப்பு. சிலவற்றில் வேறு பள்ளிக்கே பேருந்தில் போக வேண்டும். தெருவில் சேர்ந்து விளையாடிய நண்பர்கள் பழைய பள்ளியில் தங்கிவிடுவார்கள். கணக்கில் மட்டும் ஒரு வகுப்பு முன்னே போவதும், முழு வகுப்பையே தாண்டுவதும் வேறு வழிகள். வகுப்பைத் தாண்ட வைத்தால் பிள்ளை மனத்தளவில் ஒடிந்துவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் குறைவு என்பதை 2004-ல் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த 'எ நேஷன் டிசீவ்டு' அறிக்கை விரிவாகக் காட்டியது. எது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பார்த்து முடிவெடுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

1. மாதக்கணக்கில் கோச்சிங் கொடுக்காதீர்கள்.

முன்பின் பார்க்காத கேள்வியைப் பிள்ளை எப்படி அணுகுகிறது என்று அளப்பதற்காகவே இந்தத் தேர்வுகளை உருவாக்கினார்கள். நூற்றுக்கணக்கான மாதிரித் தாள்களைப் போட்டுப் பழகிய பிள்ளையிடம் தேர்வு அளப்பது பழக்கத்தை. அதனால் இடம் கிடைத்தாலும், அந்த வகுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பிள்ளை அல்லாடும். மாலை விளையாட்டும் கதைப்புத்தகமும் போய், ஏழு வயதிலேயே படிப்பு என்றால் பயம் என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். பல்லாங்குழி ஆடுங்கள். சமையலில் அளக்கச் சொல்லுங்கள்.

2. தேர்வில் வந்த கேள்விகளைப் பிள்ளையிடம் கேட்டுப் பரப்பாதீர்கள்.

ஒரு பள்ளியில் இன்று, பக்கத்துப் பள்ளியில் அடுத்த வாரம் என்று தேர்வு நடக்கும். "என்ன கேட்டார்கள், நினைவிருக்கிறதா?" என்று துருவி, குழுவில் போடுவது நேர்மைக்குப் புறம்பானது. அதை விடப் பெரிய கேடு, ஏமாற்றினால் தப்பில்லை என்று பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுப்பது.

3. மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள்.

பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் காதில் விழும்படி ஸ்கோர் பேசுவதை நிறுத்துவோம். அண்ணனுக்குக் கிடைத்தது, தம்பிக்குக் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். "அண்ணன் மாதிரி இல்லையே" என்ற ஒரு வரியைத் தம்பி ஆயுளுக்கும் மறக்கமாட்டான். உறவினர் கேட்டால் "நன்றாகப் படிக்கிறார்கள்" என்ற பதில் போதும்.

4. "நீ பிறவி மேதை" என்று புகழாதீர்கள்.

கிளாடியா முல்லரும் கேரல் டிவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. ஒரு சாராரை "நீ புத்திசாலி" என்றும், இன்னொரு சாராரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்ததாக எளிய கேள்விகளையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான தாளில் தோற்ற பிறகு சோர்ந்துபோனார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களுக்குள்தான் அதிகம். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கடினமானதைத் தேடிப்போனார்கள். கிஃப்டட் கடிதம் வந்த நாளில் பிள்ளையிடம் சொல்ல ஏற்ற சொற்கள்: "உனக்கு இன்னும் சுவாரசியமான பாடம் கொடுக்கப்போகிறார்கள். சில நேரம் கஷ்டமாக இருக்கும். கஷ்டப்பட்டால்தான் புதிதாகக் கற்கிறோம்."

5. சான்றிதழ்களைக் குவிக்காதீர்கள்.

குமான் நிலைகள், ஸ்பெல்லிங் பீ பதக்கம், பியானோ கிரேடு, பரதநாட்டியச் சலங்கை பூஜைப் புகைப்படம் எல்லாவற்றையும் கட்டி அனுப்பினால், பெற்றோரிடம் பணமும் நேரமும் இருக்கின்றன என்று மட்டுமே குழுவுக்குத் தெரியும். பிள்ளையே யோசித்துச் செய்த ஒரே ஒரு வேலை, அதில் அடித்தல் திருத்தல் இருந்தாலும், மேலானது. அடித்தல் திருத்தல் இருந்தால்தான் அது பிள்ளையின் கை என்று தெரியும்.

6. ஸ்கோருக்காகப் பிள்ளையை ஓராண்டு தள்ளிச் சேர்க்காதீர்கள்.

வகுப்பில் மூத்த பிள்ளையாக இருந்தால் மதிப்பெண் கூடும் என்று கணக்குப் போட்டு, கிண்டர்கார்டனுக்கு ஒரு வருடம் தாமதித்து அனுப்புகிறவர்கள் உண்டு. வயதுசார் மதிப்பெண், மாதம் வரை பிள்ளையின் வயதைப் பார்த்து, அதே வயதினரோடுதான் ஒப்பிடுகிறது. அந்தக் கணக்கு அங்கே எடுபடாது. ஏற்கெனவே வேகமாகக் கற்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாவதுதான் மிச்சம்.

7. தனியார் தேர்வுக்கு உடனே ஓடாதீர்கள்.

உளவியலர் தனியாக உட்கார வைத்து நடத்தும் விஸ்க் தேர்வு விரிவானது, நம்பகமானது. ஆனால் நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். உங்கள் மாவட்டம் அதை ஏற்குமா, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், யார் நடத்தினால் ஏற்பார்கள் என்று கேட்காமல் பணத்தைக் கட்டாதீர்கள். குழுத் தேர்வில் பதறும் பிள்ளைக்கும், திறமையும் சிரமமும் கலந்த பிள்ளைக்கும் இது பயன்படும். மற்றவர்களுக்கு முதலில் பள்ளியின் வழியே போதும்.

8. கிடைக்கவில்லை என்பதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1921-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவின் மேதைப் பிள்ளைகளைத் தேடி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார். ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வு அது. அந்தத் தேடலில் சோதித்துப் பார்த்து, மதிப்பெண் போதவில்லை என்று விடப்பட்ட இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஷாக்லிக்கு 1956-லும் ஆல்வரெஸுக்கு 1968-லும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. ஏழு வயதில் ஒரு காலைப்பொழுதில் வைக்கும் தேர்வு அவ்வளவுதான் சொல்லும். பல மாவட்டங்களில் அடுத்த ஆண்டே மறுபடி விண்ணப்பிக்கலாம். நடுநிலைப் பள்ளியில் கணக்குக்குத் தனி வழியும் திறக்கும். அதுவரை பிள்ளைக்குப் பிடித்ததை வீட்டில் ஆழமாகச் செய்ய விடுங்கள்.

பள்ளிகளுக்கும் சில

நம் வீட்டுப் பிள்ளையோடு இந்தப் பேச்சு நின்றுவிடக்கூடாது. பள்ளி வாரியக் கூட்டங்களில் யாரும் பேசலாம், நாமும் பேசலாம். பள்ளிகள் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும் இவை.

பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். ஃப்ளோரிடாவின் பெரிய மாவட்டம் ஒன்று 2005-ல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்.என்.ஏ.டி. வைத்து, அதில் உயர்ந்தவர்களை மாவட்டச் செலவிலேயே முழு மதிப்பீட்டுக்கு அனுப்பியது. தகுதிக் கோட்டை ஓர் அங்குலம்கூட இறக்கவில்லை. ஆனாலும் கிஃப்டட் வகுப்பில் ஏழைப் பிள்ளைகள், கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் பங்கு வெகுவாக உயர்ந்தது. இதை ஆராய்ந்தவர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும். கார்டு 2021-ல் பொருளாதார நோபல் பெற்றவர். எல்லாரையும் சோதிப்பதற்கு முன் பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைக்காமல் விட்ட பிள்ளைகளில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. நம் குடும்பங்களும் யோசிக்க வேண்டிய செய்தி இது. மகனுக்குப் படிவம் நிரப்பும் கை மகளுக்கும் நிரப்புகிறதா?

பள்ளிகள் ஒரே பள்ளிக்குள்ளும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வசதியான பகுதியின் பள்ளியில் சாதாரணமாக இருக்கும் மதிப்பெண், ஏழைப் பகுதிப் பள்ளியில் மிக உயர்ந்ததாக இருக்கலாம். அந்த வகுப்பறையில் அந்தப் பிள்ளைக்குத்தான் பாடம் போதவில்லை. ஃபேர்ஃபாக்ஸ் இப்போது அந்தந்தப் பள்ளிக்குள்ளே முன்னணியில் இருப்பவர்களைப் பார்த்து முதல் பட்டியல் போடுவது இதனால்தான்.

தேடுவதும் கொடுப்பதும் பொருந்த வேண்டும். தரப்போவது மேல்நிலைக் கணக்கு என்றால் கணக்குத் திறனைப் பாருங்கள். சொல் பகுதியில் குறைந்தது என்று கணக்கில் சிறந்த பிள்ளையை வெளியே நிறுத்துவதில் நியாயமில்லை.

ஆசிரியர் பரிந்துரையை மட்டும் வாசலாக வைக்கக்கூடாது. ஜேசன் கிரிசமும் கிறிஸ்டோபர் ரெடிங்கும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் கறுப்பினப் பிள்ளைகள் குறைவாகவே கிஃப்டட் வகுப்புக்குப் போனது தெரிந்தது. ஆசிரியர் கறுப்பினத்தவர் அல்லாதபோது, குறிப்பாக வாசிப்பில், இந்தக் குறைவு கூடியது. நல்லெண்ணம் உள்ளவர் கண்ணுக்கும் தன்னைப் போன்ற பிள்ளையின் திறமை சீக்கிரம் தெரிகிறது.

எல்லாத் தேர்விலும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று விதி வைக்கக்கூடாது. மூன்று தேர்விலும் முதல் பத்து சதவீதத்தில் வர வேண்டும் என்றால், ஒவ்வொன்றிலும் சிறு தவறு சேர்ந்து, தகுதியான பலர் விழுந்துவிடுவார்கள். மூன்றின் சராசரியைப் பார்ப்பதும், ஏதேனும் ஒன்றில் மிகச் சிறந்தாலும் கோப்பைத் திறப்பதும் நியாயமான வழிகள்.

நான்கு வயதில் முடிவெடுத்து வாசலை மூடக்கூடாது. நியூயார்க் நகரம் பல ஆண்டுகள் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தது. கோச்சிங் வியாபாரம் அதைச் சுற்றி வளர்ந்தது. 2021-ல் அந்தத் தேர்வு நின்று, பாலர் பள்ளி ஆசிரியரின் பரிந்துரையும் குலுக்கலும் வந்தன. எந்த முறை வைத்தாலும், அடுத்தடுத்த வகுப்புகளில் புதிதாக நுழைய வழி இருந்தால்தான் மெதுவாக மலரும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும்.

இன்று நாம் நுண்ணறிவுத் தேர்வு என்று சொல்வது 1905-ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடர் சிமோனும் உருவாக்கிய தேர்விலிருந்து வளர்ந்தது. வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே அவர்கள் அதைச் செய்தார்கள். கிஃப்டட் தேர்வும் அதே நோக்கத்தோடு நடக்க வேண்டும். இரவு வேலைக்குப் போவதால் பள்ளி அனுப்பிய கடிதத்தைப் பார்க்காத பெற்றோரின் பிள்ளைக்கும், ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கும் அந்த உதவி போய்ச் சேர வேண்டும். அடுத்த பள்ளி வாரியக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கிறீர்களா? கடிதம் வீட்டு மொழியில் போகிறதா? இந்த ஆண்டு தவறவிட்ட பிள்ளைக்கு அடுத்த ஆண்டு வழி இருக்கிறதா? உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்த பிறகும் இந்தக் கேள்விகளை நிறுத்தாதீர்கள்.